தேயிலை மலையிலிருந்து தலைகீழாக

உயரத்தில் ஏறி, காற்றில் கரணம் போட்டு, தலைகீழாகத் தண்ணீரில் விழுகிறவருக்கு மதிப்பெண் உண்டு. அதைச் சொல்லிக் கொடுக்கிறவருக்குத் தலைவலிதான் உண்டு. கடற்கரை ஊரில் இந்தத் தொழில் பார்ப்பவர்கள் புண்ணியம் செய்தவர்கள். இலங்கையின் பதுளை மலையில் பார்த்தவர் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், சேர்ந்து புலம்பலாம். நான் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை கௌசல்யா, தொழிற்சாலை அணையில் ஒரு நாள் குதித்ததைப் பார்த்துத் தொலைத்தேன். இவளை வெளிநாட்டுப் போட்டியில் குதிக்க வைத்தே தீருவது என்ற பைத்தியம் அன்றைக்குப் பிடித்தது.

அம்மா கேட்ட கேள்வி

அனுமதி கேட்டு, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போனேன். அவள் அம்மா லெட்சுமி, கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி, காலில் அட்டை கடித்த இடத்துக்குச் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்குள் போகப் படி இருக்கும்போது எதற்கு மேலே ஏறி விழ வேண்டும் என்றார். நியாயமான கேள்விதான்.

விடுவேனா? வரலாற்றையே அவிழ்த்துவிட்டேன். ஐரோப்பாவில் உடற்பயிற்சிக்காரர்கள் கோடையில் தண்ணீருக்கு மேலே கரணம் போடப் போய்த்தான் இது போட்டியாக வளர்ந்தது, ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள், முதலில் ஆண்கள் மட்டும், பிறகுதான் பெண்களையும் விட்டார்கள் என்றேன். லெட்சுமி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"விட்டாங்கல்ல, அதுலேருந்து நம்ம லயத்துப் புள்ள யாராச்சும் போயிருக்கா மிஸ்?"

மிதந்தவருக்கு மெடல்

எங்கள் தடாகம் அந்த அணைதான். அந்தக் கால வெள்ளைக்காரத் துரைமார் குதித்து விளையாடக் கட்டிய சீமெந்து மேடை ஒன்று கரையில் மிச்சம் இருந்தது. தண்ணீர் இலை ஊறிக் கறுத்துக் கிடக்கும், குளிரில் பல் கிட்டித்துப் போகும். பழைய காலத்தில் ஒலிம்பிக் குதிப்பே ஏரியில் நடந்திருக்கிறது என்று சொல்லிக் கௌசல்யாவையும் கூட வருகிற பிள்ளைகளையும் தேற்றுவேன்.

அந்தக் காலத்தில் இன்னொரு கூத்தும் இருந்தது. குதித்த பிறகு கை, கால் எதையும் அசைக்காமல் கட்டை மாதிரி மிதக்க வேண்டும். அதிக தூரம் போனவருக்குப் பதக்கம். இதைச் சொன்னபோது அணைக் காவல்காரர் முத்தையா அண்ணன் பக்கத்தில் நின்றார். தடாகம் கட்டித் தருவதாக எங்கள் மலைநாட்டு அரசியல் தலைவர் ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து சொல்லிவிட்டுப் போவதை அவரும் கேட்டிருக்கிறார்.

"அந்தப் போட்டி இப்ப இருந்தா நம்ம தலைவருக்குத்தான் மெடல் மிஸ், கையக் கால அசைக்காமலே எவ்வளவு தூரம் போயிட்டாரு பாருங்க."

ஒரு பிடி சரளை

சுழன்று இறங்குகிறவளுக்குத் தண்ணீரின் மேல்மட்டம் கண்ணில் பட வேண்டும். பட்டால்தான் எப்போது உடம்பை நீட்டுவது என்று தெரியும். அதனால்தான் உலகப் போட்டிகளில் தடாகத்தின் மேல் குழாயால் நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்கு ஏது குழாய்? கௌசல்யா மேடையில் கையைத் தூக்கியதும் முத்தையா அண்ணன் ஒரு பிடி சரளைக் கல்லை எறிவார். வட்டம் வட்டமாக அலை எழும். அதைப் பார்த்துக் கத்தி மாதிரி உள்ளே இறங்குவாள்.

வெளிநாடு போகிறவர்களைப் பொறுக்கும் தெரிவுப் போட்டிக்குக் கொழும்புக்குப் போனோம். லெட்சுமியும் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகாமல், அன்றைய கூலியை விட்டுவிட்டு, கோச்சி ரயிலில் கூடவே வந்தார். தடாகத்தில் நீலத் தண்ணீர் அசையாமல் கண்ணாடியாகக் கிடந்தது. தெளிக்கிற குழாய் பழுதாம். ஒரு வாளித் தண்ணீராவது ஊற்ற விடுங்கள் என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். தோட்டத்துப் பழக்கமெல்லாம் இங்கே வேண்டாம் என்றார் அந்தப் பெரிய மனுஷன். உலகமே செய்கிற காரியம், எங்கள் வாயிலிருந்து வந்ததும் தோட்டத்துப் பழக்கமாகிவிட்டது.

கௌசல்யா அழகாகத்தான் சுழன்றாள். நீட்ட வேண்டிய நேரத்தில் நீட்டாமல் முதுகு பட விழுந்தாள். அந்தச் சத்தத்தில் லெட்சுமி எழுந்து நின்றுவிட்டார். வெளிநாடு அத்தோடு முடிந்தது. கரையேறியவளின் முதுகு முழுக்கச் சிவந்திருந்தது. துவாயைப் போர்த்திவிட்டேன்.

"தண்ணியத் தேடுனேன் மிஸ், கண்ணுக்கே படல."

ஆழம் வேண்டாம்

போன மாதம், சுற்றுலாக்காரர்கள் வந்து குவிகிற எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலுக்குப் போனேன். பதுளையில் கடை வைத்திருக்கும் நம்முடைய தமிழ் ஆள் ஒருவர்தான் முதலாளி. வெள்ளைக்காரர்கள் நீந்துகிற தடாகத்தின் ஓரத்தில், பள்ளிக்கூடம் முடித்த கௌசல்யா ஈரத் துவாய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவள் உள்ளே இறங்குவதுண்டா என்று முதலாளியிடம் கேட்டேன். அவள் காதில் விழும்படியேதான் பதில் சொன்னார். அவள் குனிந்து அடுத்த துவாயை எடுத்தாள்.

"ஐயையோ, இல்லைங்க டீச்சர், தோட்டத்துப் புள்ளைங்களுக்குத் தண்ணின்னா பயம், ஆழத்துப் பக்கமே விடுறதில்ல."

உலகப் போட்டிகளில் தண்ணீர் தெறிக்காமல் விழுகிறவருக்குத்தான் கூடுதல் மதிப்பெண் என்பதால், எங்கள் மலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் முழு மதிப்பெண் போடலாம், அவர்கள் விழுந்ததே இதுவரை யாருக்கும் தெரியவில்லை.