ஆலங்குடாவில் ஆட்டு நாயும் என் வாயும்

என்னுடைய பதினாறு ஆடுகளும் மூன்றாவது தடவையாகப் பக்கத்து மிளகாய்த் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டன. இன்னொரு தடவை நடந்தால் ஆடுகளை விற்றுவிட வேண்டும் என்று தோட்டக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். அந்த ஆடுகளால்தான் என் பேத்தி கம்பஸில், அதாவது பல்கலைக்கழகத்தில், படிக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது எவ்வளவு பெருமை! முழங்கால் வலியோடு ஓடி மறிக்க முடியாது. ஆகவே, ஆடு மறிக்கத் தெரிந்த நாய் ஒன்றுக்காகப் போன சனிக்கிழமை ஆலங்குடாவுக்குப் போனேன்.

பாலாவியிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். காலை ஏழரைக்கு ஆட்டோ. போக, வர, அங்கே நிற்க எல்லாமாக மூவாயிரம் ரூபாய். (பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள்.) மாம்புரியில் ஒரு தேத்தண்ணீர் குடித்து, எட்டே முக்காலுக்குச் சேர்ந்தோம்.

நாய்க்காரர் அந்தோனி, சிலாபத்து மீனவர். மீன்பிடிப் பருவம் முடிந்து அன்று பதினொரு மணிக்கு ஊர் திரும்புகிறார். நாயின் பெயர் சூட்டி.

"பதினொண்டுக்குள்ள நீங்க பழகினா சூட்டி உங்களுக்கு, உம்மா. இல்லாட்டி எத்தாளையில ஒராள் கேட்டிருக்கிறார்."

பழகுவதற்குப் பக்கத்து வளவின் எட்டு ஆடுகளைப் பட்டியிலிருந்து திறந்துவிட்டார். வலக்கையைத் தூக்கினால் நாய் ஆடுகளைச் சுற்றி வளைக்கும். கையைத் தாழ்த்தினால் நிற்கும். நாயைக் கூப்பிடும் சொல்லைக் கடைசியில் சொல்லித் தருகிறேன் என்றார். பத்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு.

கையைத் தூக்கினேன். சூட்டி அழகாக வளைத்தது. பாதியில் ஆடுகளை விட்டுவிட்டு என்னை நோக்கிப் பாய்ந்து வந்தது! உயிரே போய்விட்டது எனக்கு. ஆடுகள் நாலு பக்கமும் சிதறின. ஐந்து தடவை முயன்றோம், ஐந்து தடவையும் இதே கதை.

"ஏன் உம்மா நாயக் குழப்புறீங்க?"

"நான் வாயே திறக்கல்லயே!"

அப்படித்தான் நம்பினேன். மணி பத்து இருபது. அந்தோனி தண்ணீர்ச் சட்டியை வைத்து, "என்ன!" என்றார்.

"ஒண்டுமில்ல தம்பி, முழங்கால்தான் வலிக்குது" என்றேன்.

நாய் சட்டிக்கு ஓடி வந்தது. அவர் என்னையே பார்த்தார்.

"உங்களக் கேக்கல்ல உம்மா, நாயக் கூப்பிட்டன். எங்கட வீட்டுல சிங்களம்தான். அதில 'என்ன' எண்டா 'வாங்க'."

"யா அல்லாஹ்! என்ன கதை இது!"

சூட்டி தண்ணீரை விட்டுவிட்டு என் முன்னால் வந்து நின்றது.

அப்போதுதான் விளங்கியது. ஆடு விலகும் போதெல்லாம் "என்ன இது", "என்ன செய்ய" என்று முணுமுணுத்திருக்கிறேன். அறுபத்து நாலு வருடம் என் வாயில் இருந்த சொல்!

முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டேன். மிச்சம் இரண்டு சுற்றுக்குத்தான் நேரம். கடைசிச் சுற்றில் ஒரு குட்டி வேலிப் பக்கம் நழுவியது. சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, விழுங்கினேன். கையை மட்டும் தூக்கினேன். சூட்டி குட்டியைத் திருப்பி, எட்டு ஆடுகளையும் பட்டிக்குள் சேர்த்தது.

"கயித்தப் பிடிங்க உம்மா" என்றார் அந்தோனி. மணி பத்து ஐம்பத்தெட்டு.

நீங்களும் போவதானால், நாய் எந்த மொழியில் வளர்ந்தது என்று முதலில் கேளுங்கள். நேரம் குறைவென்று நாயை விரட்ட வேண்டாம். சரியாகச் செய்த இடத்திலேயே சுற்றை நிறுத்துங்கள். நாயின் வாய் உடுப்பில் படும், தொழுகைக்கு மாற்றுடுப்பு ஒன்று கொண்டு போங்கள்.

நேற்று ஆடுகள் மிளகாய்த் தோட்டத்தைக் கடக்கும்போது தோட்டக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன உம்மா, நாய் நல்லமா?" என்றார். சூட்டி வேலி பாய்ந்து அவர் காலடியில் போய் நின்றது. ஆடுகள் தோட்டத்து வாசற்படலைப் பக்கம் திரும்பின. நான் கையைத் தூக்கினேன். அது மறுபடி பாய்ந்து வந்து பதினாறையும் மறித்தது. ஒரு மிளகாயும் போகவில்லை.

மனுசன் திகைத்துப்போய் மறுபடி வாயைத் திறந்தார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன்.