ஆறாம் வீட்டு ஜன்னல்

வெர்லீன் சனிக்கிழமை காலையில் மண்டியிட்டு வாசற்படி தேய்க்கிறாள். வெள்ளைச் சலவைக்கல்லில் மூன்று படிகள். சோப்புத் தூளைத் தூவி, நுரைக்கல்லால் அழுத்தித் தேய்த்து, வாளித் தண்ணீரை வீசி ஊற்றுகிறாள். தன் வீட்டை முடித்ததும் வாளியோடு பக்கத்து வீட்டுப் படிக்கு நகர்கிறாள். அந்த வீட்டில் ஒன்பது வருடமாக யாரும் இல்லை.

"ஆளில்லாத வீட்டுக்கு என்னத்துக்குடி இந்த மேக்கப்பு?" என்று எதிர்வீட்டிலிருந்து கேட்பேன்.

"நீகூடத்தான் தினம் பவுடர் அப்பிக்கிறே. யாருக்குன்னு நான் கேட்டேனா?"

வெர்லீனுக்கு வயது ஐம்பத்து மூன்று. பால்டிமோர் நகரப் பேருந்தின் ஓட்டுநர். வீட்டிலும் என்ஜின் சத்தத்துக்கு மேலேதான் பேசுவாள். அவள் சமையலறையில் நாலு பேர் நின்றால் போதும், "பின்னால போங்க, பின்னால போங்க, உள்ள எவ்ளோ இடம் கெடக்கு" என்று விரட்டுவாள்.

அவள் வரிசையில் பதினொரு செங்கல் வீடுகள். நூறு வருடத்துக்கு முன்பு ஒரே மூச்சில் கட்டியவை. இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். காலியாகக் கிடப்பது ஆறாவது. அதை இடித்தால் ஐந்தாவதான வெர்லீன் வீட்டின் பக்கச்சுவர் அம்மணமாக நிற்கும். மழைக்காகக் கட்டிய சுவர் அல்ல அது, இரண்டு குளிர்காலம் தாங்காது. அடுத்த தெருவில் ஒரு வீட்டை இடித்தார்கள், பின்னாலேயே நான்கு போயின. ஆறாம் வீடு நகராட்சியின் இடிப்புப் பட்டியலில் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது நான் தெரு முழுக்கப் புலம்பினேன். வெர்லீன் பெயின்ட் டப்பாவைத் திறந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஜன்னல் கம்பிவலையில் படம் வரைவார்கள். சிவப்புக் கூரை வீடு, குளம், இரண்டு அன்னம். வெளியே நிற்பவருக்குப் படம் மட்டும் தெரியும். உள்ளே இருப்பவருக்குத் தெருவே தெரியும். அதனால் படம் போட்ட ஜன்னலைக் கண்டால், உள்ளிருந்து யாரோ பார்க்கிறார்கள் என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நகர்வோம். ஆறாம் வீட்டு ஜன்னலை அடைத்திருந்த பலகையில் அதே அன்னங்களை வெர்லீன் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைந்தாள்.

தபால்காரர் முதலில் ஏமாந்தார். ஓட்டுக் கேட்க வந்தவர் பலகையிடம் பத்து நிமிடம் பேசினார். "நல்ல பொம்பள. குறுக்க ஒரு வார்த்த பேசல" என்று வெர்லீனிடமே பாராட்டிவிட்டுப் போனார்.

ஏப்ரலில் நகராட்சி ஆய்வாளர் க்ரூபா வந்தார். ஜன்னலைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். கதவைத் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டிவிட்டு, "அந்தம்மாவுக்குக் காது கேக்காதா, கண்ணு?" என்று பக்கத்துப் படியில் நின்ற வெர்லீனைக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"அது வெறும் பலகைங்க. நான்தான் வரைஞ்சேன்."

க்ரூபா விரலால் தட்டிப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. "நானும் இந்தப் பக்கம் வளந்தவன்தாம்மா. என்னையே கவுத்துட்டீங்களே!" சிரித்து முடித்ததும் குறிப்பேட்டை எடுத்தார். "முப்பது நாள் தர்றேன். குடிவர ஒரு ஆளக் காட்டுங்க. இல்லேன்னா என் கையில இல்ல."

அவர் போனதும், "ஏன்டி உண்மையைச் சொன்னே?" என்று பாய்ந்தேன்.

"பொய்ய வரையலாம். வாய் தொறந்து எப்படிச் சொல்றது?"

அன்றிலிருந்து பேருந்து தரகுக்கடை ஆனது. மருத்துவமனைச் சீருடையில் யார் ஏறினாலும், "வீடு வேணுமா? சுவரு கெட்டி. பக்கத்து வீட்டுக்காரிதான் கொஞ்சம் வாயாடி" என்று தொடங்கிவிடுவாள். பலர் சிரித்தார்கள். சிலர் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினார்கள்.

இருபத்தாறாம் நாள் டெசிரே என்ற நர்ஸ் வீடு பார்க்க வந்தாள். நானும் கூடப் போனேன். டார்ச் வெளிச்சத்தில் மாடிப்படியை உதைத்துப் பார்த்தாள், சுவரைத் தட்டிப் பார்த்தாள், தலையாட்டினாள். முன்னறையில் வந்து நின்றுவிட்டாள்.

"எல்லாம் புடிச்சிருக்குக்கா. ஆனா நான் ராத்திரி டூட்டி. பகல்லதான் வீட்ல இருப்பேன். இந்த ரூம்ல வெளிச்சம் வருமா?"

வெர்லீன் விறுவிறுவென்று வெளியே போனாள், தன் வீட்டிலிருந்து கடப்பாரையை எடுத்து வந்தாள். அன்னங்களின் மேல் தோளை முட்டுக்கொடுத்து, பலகையின் ஓரத்தில் கடப்பாரையைச் செருகி நெம்பினாள்.