வலிக்கவில்லை என்றாள் என் மகள்

ஒரகடத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவள் நான். என் ஏழு வயது மகள் ரோஸிக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் நர்ஸ் கேட்டபோதெல்லாம் "வலிக்கல சிஸ்டர்" என்றாள். ஆனால் புரண்டுகூடப் படுக்கவில்லை, இருமலையும் அடக்கினாள். எனக்குப் பயமாகிவிட்டது.

நர்ஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதுன்னா ஊசி போட்டுடுவோம்னு பயமா? இதுக்கு சிரப்புதான்டா குட்டி" என்றார்.

ரோஸி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ரொம்ப வலிக்குதும்மா. ஊசி குத்துவாங்கன்னுதான் சொல்லல."

மருந்து வேலை செய்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு வார்டு வாசல்வரை நடந்தாள். "பசிக்குதும்மா" என்றபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

"சாப்பிடலன்னா டாக்டர் ஊசி போட்டுடுவாரு" என்று நான் இப்போது மிரட்டுவதில்லை. எங்கே வலித்தாலும் ரோஸி நேராக என்னிடம்தான் ஓடி வருகிறாள்.