கல்யாண வீட்டுக்குப் போன மூடிச் சட்டி

என் மூத்த மகளுக்கு அப்போது ஐந்து வயது. எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு ஒரு வருடம் இருந்தது. நாகர்கோவிலில் வாடகை வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மகளுக்குப் பகலில் ஒரு குறையும் கிடையாது. தெருவில் இருக்கிற எல்லா வீட்டு அடுக்களையும் அவளுக்குத் தெரியும். இரவில் மட்டும் பாயை நனைத்துவிடுவாள், வாரத்தில் நாலைந்து நாளாவது.

எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில். தினமும் விரிப்பு அலசி அலசிப் பொறுமை போய்விட்டது. சாயங்காலத்துக்கு மேல் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தினேன். அவள் பக்கத்து வீட்டில் போய் வயிறு முட்டக் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். ஒருநாள் கோபத்தில், நாலு பேர் பார்க்கட்டும் என்று ஈர விரிப்பைத் தெருப்பக்கத்து வேலியில் போட்டேன். அன்றைக்கு முழுவதும் பிள்ளை வாசலுக்கே வரவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு முகம் சுடுகிறது.

மத்தியானம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். விரிப்பை எடுத்துப் பின்பக்கம் கொண்டுபோய்க் காயப்போட்டார். கை கழுவிய பிறகுதான் சொன்னார்.

"அவ வேணும்னா செய்யுதா? ஒறக்கத்துல நடக்கிறதுக்கு ஏசி என்ன செய்ய?"

சரிதான் என்று பட்டது.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மார்த்தாண்டத்தில் எங்கள் அம்மா வீட்டில் கல்யாணம். நாலு நாள் முன்பே போகவேண்டும். மகளுக்குப் பச்சைப் பட்டுப் பாவாடைகூடத் தைத்துவிட்டோம். புறப்படுவதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள், தான் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டால் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. போன தடவை அங்கே பாயை நனைத்தபோது என் அக்காவின் மகள் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தாள்.

அவர் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். சோதித்துப் பார்த்ததில் நோய் எதுவும் இல்லையாம். பகலில் நிறையத் தண்ணீர் கொடுங்கள், படுக்கப்போகும்போது ஒருதடவை போகச் சொல்லுங்கள், திட்டாதீர்கள், தானாக நிற்கும் என்றாராம். தினமும் நூறு பேருக்கு மிக்ஸர் மருந்து கலக்குகிறவர், தன் பிள்ளைக்கு ஒரு சொட்டு மருந்தும் இல்லாமல் வந்து நின்றது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அன்று அவர் அவளை மடியில் வைத்து, தானும் மூன்றாம் வகுப்புவரை பாயை நனைத்த கதையைச் சொன்னார். பிள்ளை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் தெரு முழுக்க அந்தச் செய்தி போய்விட்டது. கம்பவுண்டர் ஒரு வாரம் தலையைக் குனிந்துகொண்டுதான் வேலைக்குப் போனார்.

அந்த வாரத்தில் ஒருநாள் இரவு, வயிற்றுப் பிள்ளை உதைத்ததில் எனக்கு விழிப்புத் தட்டியது. பார்த்தால் மகள் பாயில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். கால்களை இறுக்கிக்கொண்டு பின்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கக்கூஸாக இருந்த மறைப்புரை கொல்லைக் கோடியில். அதற்குப் போகிற வழியில் வீட்டுச் சொந்தக்காரரின் பசு கட்டியிருக்கும்.

"ஏன் மக்ளே, போணுமா?" என்றேன்.

"பசு முழிச்சிப் பாக்குது."

"என்னை விளிச்சா என்ன?"

"விளிச்சா நீ ஏசுவ."

அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனேன். ஆக, சில இரவுகளிலாவது பிள்ளை விழித்துத்தான் இருந்திருக்கிறாள். பசுவுக்கும் எனக்கும் பயந்து மறுபடி படுத்திருக்கிறாள்.

மறுநாளே அவர் கடைக்குப் போய், நீலக்கரை போட்ட வெள்ளை எனாமல் சட்டி ஒன்று வாங்கிவந்தார். மூடியும் பிடியும் உண்டு. பார்க்க அழகாக இருந்தது. அதை அறை மூலையில் வைத்துப் பக்கத்தில் சின்ன விளக்கைத் தாழ்த்தி எரியவிட்டோம். எப்போது வேண்டுமானாலும் என்னைத் தட்டி எழுப்பலாம், ஏசமாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்தேன். முதல் இரவில் சும்மாவே மூன்று தடவை எழுப்பிச் சோதித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன். மூன்றாவது வாரத்தில் நனைந்தது இரண்டு நாள்தான். சட்டியும் வருமென்றால் கல்யாணத்துக்குத் தானும் வருவதாகச் சொன்னாள்.

நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, துணியில் கட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். முதல் நாலு ராத்திரியும் யாருக்கும் தெரியாமல் அதை எடுத்துக் கொடுத்தேன். கல்யாணத்தன்று காலையில் கழுவித் திரும்பக் கட்டிய மூட்டையைக் கூட்டத்தில் எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோயிற்று. சாயங்காலம் பெண் வீட்டார் கொண்டுவந்த பாத்திரங்களை நடு அறையில் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். குத்துவிளக்குக்கும் செம்புக் குடத்துக்கும் நடுவில் எங்கள் சட்டி உட்கார்ந்திருந்தது. பெண்ணின் பெரியம்மா அதன் மூடியைத் திறந்து, கை நிறைய முந்திரிக்கொத்தோடு குனிந்தார். நான் வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழப் பார்த்தேன்.

"அதுல பலகாரம் போடாண்டாம்," என்றாள் என் மகள், அறைக்கே கேட்கும்படி. "அது நான் ராத்திரி மூத்திரம் போற சட்டி."

பெரியம்மா முந்திரிக்கொத்தோடு அப்படியே நின்றார். முதலில் சிரித்தது புதுப்பெண்தான். அதுவரை தலை நிமிராமல் இருந்தவள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். பிறகு பெரியம்மாவும் சிரிக்க, அறையே சிரித்தது. நான் மகளைத்தான் பார்த்தேன். அவள் அழவில்லை. சட்டியைத் தூக்கி அணைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள்.

அன்று ராத்திரி பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரே வரிசையில் படுத்தார்கள். என் மகள் ஒருதடவை என்னை எழுப்பினாள். அவள் பின்னாலேயே, போன தடவை சிரித்த அக்கா மகளும் எழுந்துவந்து, தானும் போகலாமா என்று கேட்டாள். இருட்டில் கொல்லைக்குப் போக அவளுக்கும் பயமாம். என் மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு மூடியைத் திறந்து கொடுத்தாள். காலையில் எட்டுப் பேர் படுத்த பாயும் காய்ந்திருந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமுடியாது. அவளுக்குத் தம்பிப் பாப்பா பிறந்த மாதத்தில் மறுபடி சில நாள் நனைத்தாள். மழைக்காலத்திலும் இரண்டு மூன்று முறை. விரிப்பை அலசிக் கொடியில் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தோம். கடைசியாக நனைந்தது எந்த நாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கைக்குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்த ஒரு காலையில், பெரியவளின் விரிப்பைத் தொட்டுப் பார்த்தே பல மாதம் ஆயிற்று என்று தோன்றியது. அவள் அப்போது தலை பின்னாமலே பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு நின்றாள். சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.