ஒன்பதாவது கேள்வி

அண்ணனுக்குக் கணையத்தில் நாள்பட்ட அழற்சி. சாப்பிட்ட அரை மணி நேரத்தில் மேல்வயிற்றில் தொடங்கும் வலி, முதுகுக்குப் போய் நிற்கும். குடிப்பவர்களுக்கு வரும் நோய் என்பதால், அவர் குடிப்பதில்லை என்பதை முதல் தடவையில் யாரும் நம்பியதில்லை, மருத்துவர்கள் உட்பட. சி.டி. ஸ்கேன் எடுத்தும் போதவில்லை. போன வருடம் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதிலேயே கணையம் வீங்கி மூன்று வாரம் வார்டில் கிடந்தார். அந்த வாரங்களைப் பற்றி அவர் பேசுவதில்லை. குழாய் என்ற பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் உடம்புக்குள் எதையும் விடாமலே கணைய நாளத்தில் எங்கே அடைப்பு, எங்கே வீக்கம் என்று பார்த்துவிடலாம் என்றார் மருத்துவர். அன்று வீடு திரும்பும் வழியில் அண்ணன் ஸ்கூடாயில் காரை நிறுத்தச் சொல்லி இரண்டு இட்லி சாப்பிட்டார். பயமில்லாமல் அவர் சாப்பிட்டு நான் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

ஸ்கேனுக்கு ஒரு பாக்கெட் அன்னாசிச் சாறு கொண்டுவரச் சொன்னார்கள். அதைக் குடித்தால் குடலில் உள்ள நீர் படத்தில் மறைந்து, நாளம் தெளிவாகத் தெரியுமாம். வெறும் வயிற்றோடு, பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஸ்கேனுக்கு முன் தந்த கேள்விப் பாரத்தை நான் நிரப்பினேன். எங்கள் வீட்டில் எந்தப் பாரமும் என் வேலைதான். பத்திரிகையில் இருந்தவன், தப்பில்லாமல் எழுதுவான் என்று அண்ணனே சொல்வார். ஒன்பதாவது கேள்வி: இரும்பு அறுக்கும், தேய்க்கும் வேலை செய்ததுண்டா? கண்ணில் தூள் பட்டதுண்டா?

அண்ணன் தம்போயில் ஒரு லாரிப் பட்டறையில் இருபத்தாறு வருடம் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் பிடித்தவர்.

"இல்லன்னு போடு," என்றார்.

"பட்டிருக்குல்ல அண்ணே?"

"அது அப்பவே கழுவியாச்சு லா. தண்ணி ஊத்துனேன், போயிருச்சு."

நான் 'ஆம்' என்று எழுதினேன்.

கண்ணை எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி, நொய்யரிசியைவிடச் சிறியது. ஸ்கேன் அறையின் தமிழ்ப் பெண் வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், உள்ள இருக்கிற காந்தம் இந்தத் துண்ட அசைச்சிரும். பார்வை போயிரலாம். எங்களால ஸ்கேன் எடுக்க முடியாது."

"ஒரு கண்ணு போனா இன்னொண்ணு இருக்கும்மா. கணையம் ஒண்ணுதானே இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "சாரி அங்கிள்," என்றாள்.

அந்த வாரமே கண் மருத்துவரிடம் போனோம். துண்டு ஆழத்தில் இருக்கிறது, அதைத் தொட்டால் பார்வைக்கு உத்தரவாதம் இல்லை என்றார். சாறு பாக்கெட் என் காரின் முன்பக்கம் வெயிலில் உப்பிக்கொண்டிருந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

மறுபடியும் குழாய்தான் என்று முடிவானது. அதற்கும் ஒரு பாரம் தந்தார்கள். நான் பேனாவை எடுத்தேன். அண்ணன் பாரத்தை என் கையிலிருந்து வாங்கி, எட்டத்தில் பிடித்துத் தானே நிரப்பத் தொடங்கினார். இதற்கு முன் இந்தச் சோதனையில் சிக்கல் ஏற்பட்டதுண்டா என்ற கேள்விக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார்.

"அண்ணே."

"இதயும் முடியாதுன்னுட்டா, அப்பறம் எங்க போறது?"

அவருடைய பழைய கோப்பு முகப்பு மேசையில் ஏற்கெனவே இருந்தது. அதில் அந்த மூன்று வாரமும் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. பாரத்தை அவரே கொண்டுபோய் முகப்பில் கொடுத்தார்.