கல்பாலத்தில் ஒரு வெள்ளைக் கோடு

நிரஞ்சனின் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் பதினான்கு சான்றிதழ்கள் தொங்கின. எல்லாம் சமாதானம் பற்றியவை. நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போகும் வழியில் இருக்கும் கல்பாலத் தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிஷனின் மூன்றாம் லயத்து வரிசை வீடொன்றில் அவன் பிறந்தான். உயர்தரம் படித்தான். பல்கலைக்கழகம் அவனைக் கூப்பிடவில்லை. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் நான்கு மாதம் துணி மடித்துவிட்டுத் திரும்பி வந்தான். அதற்குப் பிறகுதான் சமாதானம் அவனைக் கண்டுபிடித்தது.

அட்டனில் இருந்த ஒரு நிறுவனம் இளைஞர்களைத் தேடிக்கொண்டிருந்தது. யுத்தம் நடந்த ஊர்களுக்கும் கல்பாலத்துக்கும் நடுவே பத்து மணி நேரப் பஸ் பயணம் இருந்தது. ஆனால் யுத்தத்துக்கு வந்த பணம் வடக்கிலும் கிழக்கிலும் முழுதும் செலவாகாமல் மிச்சம் விழுந்து, மெல்ல மலையேறி வந்திருந்தது. நிரஞ்சன் நுவரெலியாவில் ஹோட்டல் ஹோட்டலாக வட்டமாக உட்கார்ந்தான். கம்பளி நூலுருண்டையை இவன் ஒருத்திக்கு எறிவான், அவள் இன்னொருவனுக்கு எறிவாள். கடைசியில் எல்லோரும் நூலில் சிக்கி நிற்பார்கள். அதுதான் சமூகம் என்று சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பை, ஒரு பேனை, ஒரு தண்ணீர்ப் போத்தல். அவன் தாய் வீரம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது அந்தப் போத்தலில்தான் பால் சேர்க்காத பிளேன்டி கொண்டுபோவாள். அதில் ‘வன்முறையற்ற நாளை’ என்று எழுதியிருந்தது.

ஒரே ஒரு சிக்கல். நிறுவனத்தின் கணக்கில் இளைஞன் என்றால் இருபத்தொன்பது வயது வரைதான். முப்பது பிறந்த காலையிலிருந்து ஒருவனிடம் சமாதானம் எதையும் எதிர்பார்க்காது. நிரஞ்சனுக்கு இருபத்தொன்பது நடந்துகொண்டிருந்தது.

“நிரஞ்சன், அட்டன் ஆபீசுக்கு ஒரு இணைப்பாளர் எடுக்கப் போறோம்” என்றாள் ஷிராணி மிஸ். நிறுவனத்தில் அவள்தான் அவனுக்கு மேலே. “மோட்டர் சைக்கிளும் உண்டு. ஆனா பயிற்சி மட்டும் போதாது. உங்க தோட்டத்தில நீங்களே ஒரு முரண்பாட்டைத் தீர்த்துக் காட்டணும். வீடியோவோட.”

முரண்பாட்டுக்கு அவன் எங்கும் அலைய வேண்டியதில்லை. கல்பாலத்தில் அது வருடா வருடம், குறித்த நாளில், குறித்த நேரத்தில் வந்தது.

மாரியம்மன் கோயில் மேல் டிவிஷனில் இருக்கிறது. திருவிழாச் சனிக்கிழமை பிற்பகல் தேர் கீழ் டிவிஷனுக்கு இறங்கும். பாலம் வரை மேல் டிவிஷன் பையன்கள் வடம் பிடிப்பார்கள். பாலத்தில் கீழ் டிவிஷன் பையன்கள் வாங்கிக்கொள்வார்கள். பாலத்தில் எந்த இடத்தில் என்பதுதான் கேள்வி. பாலத்தின் நீளம் இருபத்திரண்டு அடி. அந்த இருபத்திரண்டு அடிக்காக நாற்பது வருடமாக அடித்துக்கொண்டார்கள். வெறுங்கை மட்டும்தான். கல், கம்பு, கத்தி கூடாது. கல்யாணம் ஆனவனை முகத்தில் அடிக்கக் கூடாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் அன்றைக்கு மட்டும் பஞ்சு கூடுதலாக எடுத்து வைப்பார்கள்.

மறுநாள் காலை தேர் திரும்பி ஏறும். மத்தியானம் பாலத்துக்குப் பக்கத்துப் புல்தரையில் பந்தி. அடி வாங்கியவன் இலையில் உட்காருவான், அடித்தவன் பரிமாறுவான். சோற்றில் கை வைக்கும் முன் அடி வாங்கியவன் ஒன்று கேட்கலாம். அடித்தவனின் வீடு அதை மறுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது. ஆனால் தோட்டத்தில் துரை போட்ட சட்டங்களைவிட இது ஒழுங்காக நடந்தது. ஒருவன் ஒரு பல்லுக்கு வேலியை மூன்று அடி தள்ளி வைக்கச் செய்தான். கல்யாணமே செய்துகொள்ளாத மூக்கன் என்பவர் ஒரு தடவை வேண்டுமென்றே கன்னத்தைக் கொடுத்து ஒரு கிடாரிக் கன்று வாங்கினார். இரண்டு டிவிஷனும் ஒரே பாயில் உட்கார்வது வருடத்தில் அந்த ஒரு நாள்தான்.

இதெல்லாம் நிரஞ்சனுக்குத் தெரியும். சுதர்ஷினிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவள் கீழ் டிவிஷன் பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தாள். தகப்பன் அழகுமுத்து கீழ் டிவிஷன் தொழிற்சங்கத் தலைவர். மேல் டிவிஷனுக்குப் பெண் கொடுப்பதைவிட ராஜினாமாக் கடிதம் கொடுப்பது அவருக்குச் சுலபம். நிரஞ்சனும் அவளும் நான்கு வருடமாகப் பொகவந்தலாவை பஸ்ஸில் பேசிக்கொண்டு போனார்கள். இந்த வருடம் திருவிழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை அவளைப் பெண் பார்க்க வட்டவளையிலிருந்து வருவதாக இருந்தது.

“நீங்க ஒன்னும் செய்ய வேணாம்” என்றாள் அவள். “சனிக்கிழமை போயி எங்கூடப் பொறந்த கிஷாந்த் அண்ணன் முன்னால சும்மா நில்லுங்க. அவரே அடிச்சிருவாரு. ஞாயித்துக்கிழமை பந்தியில என்னையக் கேளுங்க. அப்பா என்னா செய்ய முடியும்?”

“வன்முறையால கெடைக்கிற எதுவும் நெலைக்காது, சுதா.”

“இத எந்த ஹோட்டல்ல சொல்லிக் குடுத்தாங்க?”

“நான் சண்டைய நிறுத்துறேன். வேல கெடைக்கும். இணைப்பாளர்னு வந்து கேட்டா ஒங்கப்பா மாட்டேன்னா சொல்லுவாரு?”

“சொல்லுவாரு. மோட்டர் சைக்கிள்ல வந்தீங்கன்னா கொஞ்சம் சத்தமா சொல்லுவாரு.”

அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள். அது அவளுடைய நிறுத்தம் அல்ல.

நிரஞ்சன் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு பாலர் பள்ளி மண்டபத்தில் செயலமர்வு வைத்தான். ‘இளைஞர் கையில் சமாதானம்’ என்று பதாகை. டிவிஷனுக்கு எட்டுப் பேர். முதல் நாள் புறாப் படம் போட்ட டீசேர்ட்டுக்காக வந்தார்கள், இரண்டாம் நாள் கோழிச் சோற்றுப் பார்சலுக்காக. கிஷாந்த் இரண்டுக்காகவும் வந்தான். கழுத்தும் தோளும் ஒன்றாக இருக்கும் ஆள். பாலத்தில் ஏழு வருடம் தோற்றதில்லை. ஷிராணி மிஸ் மூன்று வாக்கியங்களை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னாள். ‘உங்கள் கோபம் எனக்குக் கேட்கிறது. அதற்கு ஒரு காரணம் இருக்கும். நாம் உட்கார்ந்து பேசலாமா?’

கிஷாந்த் பத்தாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்தில் எதையும் ஒப்புவித்ததில்லை. இதை ஒப்புவித்ததும் ஷிராணி மிஸ் கை தட்டினாள். அவனுடைய காது சிவந்தது.

மண்டபச் சுவரில் புறா வரைந்து மிச்சமான வெள்ளைப் பெயின்டில், பாலத்தின் சரியாகப் பதினோராவது அடியில் நிரஞ்சன் ஒரு கோடு போட்டான். இரண்டு டிவிஷன் தலைவர்களும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். படம் எடுப்பதால் அழகுமுத்து தலை வாரிக்கொண்டு வந்திருந்தார்.

சனிக்கிழமை பாலத்தின் இரு பக்கமும் குடையோடு சனம். தேர் வந்தது. கோட்டில் நின்றது. மேல் டிவிஷன் வடத்தைக் கொடுத்தது, கீழ் டிவிஷன் வாங்கியது. நாற்பது நொடி. அம்மன் இவ்வளவு வேகமாக அந்தப் பாலத்தைக் கடந்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் சனம் நின்றது. கடலைக்காரன் கடலையை மறுபடி மூடி வைத்தான். ஷிராணி மிஸ் மட்டும் “சூப்பர், சூப்பர்” என்றாள்.

மூக்கன் வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கன்னத்திலும் எண்ணெய் தடவி, தயாராக வந்திருந்தார். அவருடைய லயத்துக் குழாயில் தண்ணீர் வருவதை மேலே யாரோ அடைத்து வைத்திருந்தார்கள்.

“தம்பி நிரஞ்சா, இனி என்னைய யாருப்பா அடிக்கிறது?”

“ஒங்க பிரச்சினைய எழுதிக் குடுங்கண்ணே. பேசித் தீர்க்கலாம்.”

“எழுதித்தான் மூனு வருசமாக் குடுக்கறேன். அடி வாங்குனாத்தான் தண்ணி வரும்.”

வீட்டில் வீரம்மா பெரிய அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். “நாளைக்கு யாருக்குடா சோறாக்குறது? பந்தி இல்லன்னு கீழ இருந்து சொல்லி அனுப்பிட்டாங்க. அடிபட்டவன் இல்லாம என்னா பந்தி?” என்றாள். போனில் சுதர்ஷினியிடமிருந்து கும்பிட்ட கைப் படம் ஒன்று வந்திருந்தது. அதற்கு மேலும் கீழும் ஒன்றும் இல்லை.

நிரஞ்சன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு சான்றிதழும் சுவரிலிருந்து அவனைப் பார்த்தன. நாளை பந்தி இல்லை. நாளை மறுநாள் வட்டவளை வருகிறது. இணைப்பாளர் வேலை அடுத்த மாதம்தான். நடுவே இருப்பது தேர் திரும்பும் ஒரே ஒரு காலை.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகாத நேரத்திலேயே மஞ்சள் நீராட்டு தொடங்கிவிட்டது. பெண்கள் செம்பும் வாளியுமாக நின்றார்கள். ஷிராணி மிஸ் வெற்றிக் கதைக்கு இன்னும் கொஞ்சம் வீடியோ வேண்டும் என்று வந்திருந்தாள். தேர் கீழேயிருந்து ஏறி வந்தது. முன்வடத்தில் கிஷாந்த், நெஞ்சில் புறா.

நிரஞ்சன் கோட்டைத் தாண்டிப் போய் வடத்தைப் பிடித்தான்.

“விடுடா. வடம் புடிக்கிற மூஞ்சியப் பாரு. ஒங்க டிவிஷனுக்கு ஆட்டுக் கயிறே அதிகம்.”

சனம் ஒரு மூச்சை உள்ளே இழுத்தது. கிஷாந்தின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் கண்ணை மூடினான்.

“உங்கள் கோபம் எனக்குக் கேட்கிறது” என்றான்.

கை தட்டல். நிரஞ்சன் அவனை நெஞ்சில் தள்ளினான். கிஷாந்த் அரை அங்குலம் அசைந்து கையைக் கட்டிக்கொண்டான்.

“அதற்கு ஒரு காரணம் இருக்கும்.”

“ஒங்கப்பன் மேடையில பேசுனா ஆடு மேயிறத மறந்துட்டுத் தூங்குதுடா!”

இதற்கு நிச்சயம் அடி விழும் என்று நிரஞ்சன் பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தைக் காட்டினான். கிஷாந்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற அழகுமுத்து கேமராவைப் பார்த்தார், பிறகு மகனின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

“நாம் உட்கார்ந்து பேசலாமா?” என்றான் கிஷாந்த்.

“அடிடா மச்சான்” என்றான் நிரஞ்சன், மெதுவாக. “ஒனக்குப் புண்ணியமாப் போகும். ஒரே ஒரு அடி.”

“மிஸ் பார்க்கிறாங்க மச்சான்” என்றான் கிஷாந்த், அதைவிட மெதுவாக.

பெண்கள் வரிசையிலிருந்து சுதர்ஷினி வந்தாள். செம்பில் இருந்த மஞ்சள் தண்ணீரை முதலில் தரையில் ஊற்றினாள். பிறகு வெறுஞ்செம்பால் அவன் நெற்றியில் அடித்தாள். கோயில் மணி ஒரு தரம் தப்பாக அடித்ததுபோல் இருந்தது. செம்பில் ஒட்டியிருந்த மஞ்சளோடு சேர்ந்து ரத்தம் மூக்கின் மேலாக இறங்கியது. ஷிராணி மிஸ் கேமராவைத் தாழ்த்தினாள்.

“அடி விழுந்துருச்சு!” என்று மூக்கன் கத்தினார். “பந்தி உண்டு!”

பாலத்தின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் சத்தம் எழுந்தது. அப்படியொரு ஒற்றுமையை எந்த நூலுருண்டையும் அந்தத் தோட்டத்தில் கொண்டுவந்ததில்லை.

“அதெப்புடி?” என்றார் அழகுமுத்து. “வெறுங்கை மட்டுந்தான். செம்பு கூடாது. அதோட பொம்பளப் புள்ள அடிச்சது சேத்தியில்ல.”

“கல்லு, கம்பு, கத்தி கூடாதுன்னுதாங்க இருக்கு” என்றாள் வீரம்மா. “செம்பு கூடாதுன்னு எவனுஞ் சொல்லல. பொம்பள அடிச்சா வலிக்காதா? வந்து எம்புள்ள நெத்தியப் பாருங்க. அரிசி ஊறிக்கிட்டிருக்கு, சீக்கிரஞ் சொல்லுங்க தலைவரே.”

அரிசி இரவே ஊறப்போட்டிருந்தது என்பதை நிரஞ்சன் அப்போதுதான் அறிந்தான்.

தலைவர் சுற்றிலும் பார்த்தார். கீழ் டிவிஷனே அவரைப் பசியோடு பார்த்தது. அவர் தலையாட்டவில்லை. ஆட்டாமலும் இல்லை.

மத்தியானம் நிரஞ்சன் நெற்றியில் கட்டோடு இலை முன் உட்கார்ந்தான். சுதர்ஷினி சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள். இரண்டு டிவிஷனும் திரும்பிப் பார்த்தது.

“கேளுங்க” என்றாள்.

ஹோட்டல் மேடைகளில் மைக் பிடித்துப் பேசியவன் இலையைப் பார்த்துக் குனிந்தான். “ஒன்னையத்தான்” என்றான்.

“மறுக்கக் கூடாதாமுல்ல. சாப்புடுங்க, ஆறுது.”

அழகுமுத்து தன் இலையில் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தார், மாவாகும் வரை. வட்டவளைக்காரர்களுக்குத் தகவல் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு வரவில்லை. செம்புச் செய்தி முதல் பஸ்ஸிலேயே அங்கு போய்ச் சேர்ந்திருந்தது.

இணைப்பாளர் வேலை கிஷாந்துக்குக் கிடைத்தது. கோபமூட்டப்பட்டும் கை ஓங்காத அந்த இளைஞனின் வீடியோ கொழும்பில் ஒரு மாநாட்டில் போடப்பட்டது. எதிரே துள்ளுகிறவனின் முகத்தை, மரியாதை கருதி, மங்கலாக்கியிருந்தார்கள். நிரஞ்சனுக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது, புரட்டாசியில் முப்பது பிறந்தது. தொழிற்சாலையில் சாக்கு எடுத்து வைக்கும் வேலை. சான்றிதழ்களைச் சுதர்ஷினி கழற்றவில்லை. சுவரில் அந்தப் பக்கம்தான் ஈரம் அதிகம்.

அடுத்த வருடம் திருவிழாவுக்கு இரண்டு வாரம் முன்பு கிஷாந்த் மோட்டர் சைக்கிளில் வந்து செயலமர்வு நடத்தினான். நிரஞ்சன் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தான்.

“மாப்ள, இருபத்தொம்பது வரைக்குந்தான்” என்றான் கிஷாந்த், உண்மையான வருத்தத்தோடு. “பார்சல் மிஞ்சினா சொல்லி அனுப்புறேன்.”

திருவிழாவுக்கு முந்திய நாள் மழை பெய்தது. நிரஞ்சன் இரும்புத் தூரிகையோடு பாலத்துக்குப் போய், பதினோராவது அடியில் முழங்காலிட்டு, கோட்டைச் சுரண்டினான். நல்ல பெயின்ட், இலேசில் போகவில்லை. மூக்கன் குடை பிடித்தார்.

அந்த வருடம் ஒன்பது பேர் அடி வாங்கினார்கள். மூக்கன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது.