வெற்றிவேல் நேராக நின்ற விதம்

கோகிலவாணி வெற்றிவேலின் பேரை முதன்முதலில் கேட்டது திருக்கோவிலூரில், அத்தை காசியம்மாளின் வாயால். காசியம்மாள் அவள் அப்பாவோடு பிறந்த மூத்தவள். வருஷா வருஷம் கரும்பு வெட்டுக்குக் கல்வராயன் மலையடிவாரம்வரை போய்வருகிறவள்.

"ஒரு பையன் கீறான்டி, வெற்றிவேல்னு. தைலம்மா மவன். கரும்புக் கட்டத் தலையில வச்சிக்கினு பலகை மேல லாரிக்கு ஏறுவான் பாரு, கழுத்து ஒரு இம்மி அசையாது. பொம்பளைங்கல்லாம் வெட்டறத வுட்டுட்டுப் பாக்குறாளுவோ!"

"நீயும் பாத்தியா அத்தே?"

"ஏன், எனுக்கின்னா கண்ணு இல்லையா?"

அந்த முதுகை நம்பித்தான் கோகிலவாணி கழுத்தை நீட்டினாள். கல்யாணமாகி அவன் ஊருக்கு வந்த பிறகு, வெட்டு நடக்கிற மாசங்களில் அவன் சுமந்ததில்தான் வருஷம் முழுக்க அடுப்பு எரிந்தது.

வெட்டு இல்லாத காலத்தில் அவனுக்கு வந்து சேர்ந்தது இந்த வேலை. ஊரில் பெரிய நிலக்காரர் தெய்வசிகாமணி. வெற்றிவேலின் அப்பனும், அப்பனுக்கு அப்பனும் அவர் வீட்டு நிலத்தில் பாடுபட்டவர்கள். அவர் மகன் சிவசங்கர் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை அடுக்கிய கிடங்கைக் காலிசெய்து அதில் மிஷின்களை இறக்கினான். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு மூட்டை தூக்குகிற, மேடு ஏறுகிற உருவங்கள் வேண்டுமாம். அதற்கு நிஜமாகச் சுமந்து பழகிய உடம்பு வேண்டுமாம்.

கண்ணை மூடி ஒரு கவசம், இடுப்பில் ஒரு பட்டை, காலுக்கு ஒவ்வொன்று. வெற்றிவேல் நடந்தால் டிவியில் ஓர் உருவம் நடக்கும். கவசத்துக்குள்ளே இவனுக்குத் தன் உடம்பு தெரியாது. அந்த உருவத்தின் உடம்புதான் தெரியும். எதிரே ஒரு கண்ணாடி, அதிலும் அதுதான்.

சோறு கொண்டுபோன அன்று கோகிலவாணி டிவியைப் பார்த்தவள், தூக்குச்சட்டியைக் கீழே வைக்க மறந்து நின்றாள். உருவம் நடந்தது. ஆனால் இடுப்புக்கு மேலே நெஞ்சு பின்பக்கமாக வளைந்து, தலை முதுகின்மேல் தொங்கியது. முதுகெலும்பை உருவிவிட்ட உடம்பு எழுந்து நடப்பதுபோல் இருந்தது.

"இன்னாங்க இது? இவரு இப்பிடியா நடக்குறாரு?"

சிவசங்கர் சிரித்தான். "மொதல்ல அளவு எடுக்கறப்போ எப்படி நிக்கறானோ, அதத்தான் நேருன்னு மிஷின் எடுத்துக்கும். இவன் நேராத்தான் நின்னான். மிஷின்ல ஏதோ கோளாறு. டேய் வெற்றி, கொஞ்சம் குனிஞ்சிக்க."

வெற்றிவேல் குனிந்தான். உருவம் நிமிர்ந்தது.

அன்றிலிருந்து அப்படியே ஆகிப்போனது. கண்ணாடியில் நிமிர்ந்த ஆளைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்கக் குனிந்து நடந்தான். பிறகு வீட்டிலும் குனிந்தான். உட்கார்ந்தால் நெஞ்சு மடியை நோக்கிச் சரிந்தது. தோளைப் பிடித்து நிமிர்த்தினால் கத்தினான்.

"வுடுடி! பின்னால முறிஞ்சி வுழற மாதிரி கீது."

எண்ணெய் தேய்த்தாள், வெந்நீர் ஊற்றினாள். வலியில்லை என்றான். வலி இருந்தாலாவது தேவலையே என்றிருந்தது அவளுக்கு. தை பிறந்தால் வெட்டு. வளைந்த முதுகுக்காரன் தலையில் கட்டு நிற்காது. பலகையிலிருந்து சாய்ந்தால் ஆளே மிஞ்சமாட்டான்.

தினமும் வேலை தொடங்குமுன் அளவு எடுப்பார்கள். ஒருநாள் அந்த நேரத்துக்கே போய் நின்றாள். கிடங்கு வாசலில் தெய்வசிகாமணி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "நேரா நில்லு" என்றான் சிவசங்கர். வெற்றிவேல் தலையைத் தாழ்த்தி, தோளை ஒடுக்கி, கைகளை வயிற்றோடு சேர்த்து நின்றான். அந்த வீட்டு முன்னால் அவன் அப்பன் நின்றதும் அப்படித்தான். மிஷின் நேரென்று எடுத்துக்கொண்டது இந்தக் குனிவைத்தான். பெரியவருக்கு அது வித்தியாசமாகப் படவில்லை, மகனுக்கும் படவில்லை. வேறு மாதிரி அவனை அவர்கள் பார்த்ததே இல்லையே.

பெரியவர் கள்ளக்குறிச்சிக்குக் கல்யாணத்துக்குப் போகிற நாளுக்காகக் காத்திருந்தாள்.

"சின்னையா, இன்னொரு தபா அளவு எடுங்க."

"இன்னா, நீயும் கம்ப்யூட்டர் படிக்கப் போறியா?" என்று கிண்டல் செய்தாலும் எடுத்தான். "நேரா நில்லுடா."

வெற்றிவேலின் தலை தாழ்ந்தது. தோள் முன்னைவிட ஒடுங்கியது.

அவள் காதோரம் போய்ச் சொன்னாள்: "பெரியவரு இல்லைங்க. நாற்காலி காலியாத்தான் கீது. நிமிருங்க."

"நிமிந்துதான கீறேன்" என்றான். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னான்.

டிவியில் உருவம் பனைமரம்போல் நின்றது. "பாத்தியா, கோளாறு சரியாப்பூடுச்சி" என்றான் சிவசங்கர்.

தை மாதம் வெட்டுக்குப் போனான். தலையில் வைத்த கட்டு முன்பக்கம் சரிந்து விழுந்தது. தூக்கி வைத்தார்கள், மறுபடியும் விழுந்தது. மேஸ்திரி காசிநாதன் அவனை வரப்பில் உட்காரச் சொல்லிவிட்டுக் கோகிலவாணியைப் பார்த்தான். அவள் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள்.

இப்போது கட்டு சுமப்பது அவள்தான். வெற்றிவேல் தெய்வசிகாமணியின் கிடங்கில் கவசத்துக்குள் இருக்கிறான்.